அரிசோனாவை முதலில் அறிவித்தவர்கள்

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி எந்தப் பக்கத்து ஆளிடம் பேசினாலும் கடைசியில் பழி ஊடகத்தின் தலையில்தான் வந்து விழும். குடியரசுக் கட்சிக்காரர் சிஎன்என், நியூயார்க் டைம்ஸ் எல்லாம் பொய் என்பார். ஜனநாயகக் கட்சிக்காரர் ஃபாக்ஸ் நியூஸ்தான் ஜனங்களின் மூளையைக் கெடுத்துவிட்டது என்பார். இரண்டு பேச்சிலும், பார்க்கிற ஆள் பாவம், யாரோ ஊட்டுவதை விழுங்குகிற அப்பாவி. நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வசிக்கிறேன். 2020 தேர்தல் கலாட்டாவில் பெரும்பகுதி எங்கள் மேரிகோபா கவுண்டியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) சுற்றித்தான் நடந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: சேனல் தன் நேயர்களை இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு நிஜமோ, நேயர்கள் தங்கள் சேனலை மிரட்டி வைத்திருப்பதும் அவ்வளவு நிஜம். இந்த இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை. பேசினால் நம்மையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்.

இந்தியாவில் தேர்தல் ஆணையமே சுற்றுவாரியாக எண்ணிக்கையை வெளியிட்டு, யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் அப்படிச் சொல்ல ஓர் அமைப்பு கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தானே எண்ணும். அதிகாரப்பூர்வமாகச் சான்று கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் "இந்த மாநிலம் இவருக்கு" என்று சொல்லும் வேலையை ஊடகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏபி செய்தி நிறுவனம் 1848 முதல் இதைச் செய்து வருகிறது. பெரிய சேனல்களில் இதற்கென்று 'டெசிஷன் டெஸ்க்' உண்டு. புள்ளியியல் தெரிந்தவர்கள் தனியாக உட்கார்ந்து, வந்த ஓட்டையும் வரவேண்டிய ஓட்டையும் கணக்குப் போட்டு, பின்தங்கியவர் இனி எட்டிப் பிடிக்கவே முடியாது என்று உறுதியானால் மட்டும் அறிவிப்பார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடா இருக்கிறது. மாலையில் சேனல்கள் அந்த மாநிலத்தை ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்தன. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் அப்போது வாக்குப்பதிவே முடியவில்லை. பிறகு திரும்பப் பெற்றன. இரவு 2:16-க்கு ஃபாக்ஸ் அதைக் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்தது, சில நிமிடங்களில் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அன்று ஃபாக்ஸின் டெசிஷன் டெஸ்கை நடத்தியவர் ஜான் எல்லிஸ், புஷ்ஷின் சொந்த அத்தை மகன். விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. கடைசியில் வித்தியாசம் 537 ஓட்டு. அந்த அவமானத்துக்குப் பிறகு டெசிஷன் டெஸ்க் ஆட்கள் மிகவும் ஜாக்கிரதையாகிவிட்டார்கள்.

இப்போது 2020 நவம்பர் 3. கிழக்கு நேரப்படி இரவு 11:20, எங்கள் ஊரில் 9:20. ஃபாக்ஸ் நியூஸில் பில் ஹெம்மர் பெரிய தொடுதிரை வரைபடத்தின் முன்னால் நின்று, டிரம்ப் எந்தெந்த வழியில் ஜெயிக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். திடீரென்று அரிசோனாவைப் பார்த்துத் தடுமாறுகிறார். ஏன் இது நீல நிறத்தில் (ஜனநாயகக் கட்சிக்கான நிறம்) இருக்கிறது, நாம் அறிவித்துவிட்டோமா என்று நேரலையிலேயே கேட்கிறார். ஆமாம், அறிவித்துவிட்டார்கள். ஆர்னன் மிஷ்கின் தலைமையில் இருந்த ஃபாக்ஸின் டெசிஷன் டெஸ்க், அரிசோனா ஜோ பைடனுக்கு என்று மற்ற எல்லோரையும் முந்திச் சொல்லிவிட்டது. 1948-இல் ட்ரூமன் ஜெயித்த பிறகு, 1996-இல் கிளின்டன் ஒருவரைத் தவிர வேறு ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் அதிபர் தேர்தலில் ஜெயிக்காத மாநிலம் இது. டிரம்ப் பக்கத்தில் கொதித்துப்போனார்கள். மிஷ்கினை நேரலைக்கு அழைத்து நிச்சயம்தானா என்று கேட்டார்கள். அவர் அசரவில்லை.

இங்கே எண்ணும் வரிசை முக்கியம். அரிசோனாவில் பெரும்பாலோர் தபாலில் ஓட்டுப் போடுகிறவர்கள். பச்சை நிற உறை வீட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 2020-இல் அந்த உறைகளைத் தேர்தலுக்கு 2 வாரம் முன்பிருந்தே பிரித்து எண்ணலாம் என்று சட்டம் இருந்தது. ஆகவே இரவு 8 மணிக்கு வரும் முதல் எண்ணிக்கை தபால் ஓட்டு. அந்த வருடம் தபாலில் போட்டவர்களில் பைடன் ஆட்கள் அதிகம். அப்புறம் நேரில் போட்ட ஓட்டும் கடைசி நாளில் கொண்டுவந்து போட்ட உறைகளும் வர வர டிரம்ப் நெருங்கினார். பென்சில்வேனியாவில் நேர் எதிர். அங்கே தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் உறையைப் பிரிக்கவே கூடாது. நேரில் போட்டது முதலில் வந்தது, டிரம்ப் முன்னால் இருந்தார். தபால் ஓட்டு எண்ண எண்ண பைடன் ஏறினார். இரண்டு மாநில சட்டமன்றங்களும் தேர்தலுக்கு முன்பே எழுதிவைத்த விதிகளால் வந்த வித்தியாசம் இது. ஆனால் அந்த வாரம் தெருவில் என்ன நடந்தது? மிஷிகனில், டெட்ராய்ட்டின் எண்ணும் மையத்துக்கு வெளியே டிரம்ப் ஆதரவாளர்கள் "எண்ணுவதை நிறுத்து" என்று கத்தினார்கள். ஃபீனிக்ஸில் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு வெளியே அதே கட்சிக்காரர்கள் "எல்லா ஓட்டையும் எண்ணு" என்று கத்தினார்கள். இடையிடையே இன்னொரு கோஷம்: "ஃபாக்ஸ் நியூஸ் ஒழிக!"

அதுவரை அந்த மக்களுக்கு ஃபாக்ஸ் தங்கள் வீட்டுச் சேனல். 1996-இல் அதைத் தொடங்கி வளர்த்த ரோஜர் எய்ல்ஸ், 1968-இல் நிக்சனுக்குத் தொலைக்காட்சி ஆலோசகராக இருந்தவர். கால் நூற்றாண்டு காலம் மற்ற ஊடகமெல்லாம் உங்களை ஏமாற்றுகிறது, நாங்கள் மட்டும்தான் உங்கள் பக்கம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நேயர் கூட்டம். ஒரே ஒரு ராத்திரி, தங்களுக்குப் பிடிக்காத ஒரு கணக்கைச் சொன்னதும் அதே கூட்டம் திரும்பி நின்றது.

அறிவிப்பு அவசரமானதா? அன்று இரவே ஏபியும் பைடனுக்குத்தான் கொடுத்தது. சிஎன்என், என்பிசி, ஏபிசி, சிபிஎஸ் எல்லாம் நவம்பர் 12 வரை காத்திருந்தன. இறுதி வித்தியாசம் 10,457 ஓட்டு. இவ்வளவு நெருக்கமான முடிவை அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது என்று துறை தெரிந்த பலரும் சொன்னார்கள். அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் சொன்னது நடந்தது. திரும்பப் பெற வேண்டி வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் விடாமல் படித்தேன். வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன், தன் இயந்திரங்கள் ஓட்டைத் திருடின என்று பொய் பரப்பியதாக ஃபாக்ஸ் மீது 160 கோடி டாலர் அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கில் ஃபாக்ஸின் உள் மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் வெளியே வந்தன. தங்கள் நேயர்களைப் பற்றி ஒரு சேனல்காரர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இவ்வளவு பச்சையாகப் பார்க்க இன்னொரு சந்தர்ப்பம் வராது.

நவம்பர் 5-ஆம் தேதி பிரெட் பேயர் எழுதுகிறார். ஃபாக்ஸில் செய்தியாளர் என்று மதிக்கப்படுகிறவர், கருத்து நிகழ்ச்சிக்காரர் அல்ல. எவ்வளவு சீக்கிரம் அரிசோனா அறிவிப்பைத் திரும்பப் பெற்று மறுபடி டிரம்ப் கணக்கில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது, நமக்கு அவமானம் வந்தாலும் பரவாயில்லை என்கிறார். கவனியுங்கள், முடிவு தெரியாது என்று மாற்றச் சொல்லவில்லை, டிரம்ப் பக்கமே வைக்கச் சொல்கிறார். ஒரு வாரம் கழித்து அதே சேனலின் நிருபர் ஜாக்கி ஹைன்ரிச், டிரம்பின் ட்வீட் ஒன்றில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பதிவு போடுகிறார். டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்: "தயவுசெய்து அவளை வேலையைவிட்டு அனுப்ப வையுங்கள்." காரணமும் சொல்கிறார். கம்பெனிக்கு அடி விழுகிறது, பங்கு விலை இறங்கிவிட்டது. நவம்பர் 16-இல் நடந்த உள்கூட்டத்தில் தலைமை நிர்வாகி சுசான் ஸ்காட், அரிசோனாவை மட்டும் அறிவிக்காமல் இருந்திருந்தால் தேர்தலுக்கு அடுத்த மூன்று நான்கு நாட்களும் நம் ரேட்டிங் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்கிறார்.

சரியாகச் சொன்னதால் வந்த நஷ்டத்தை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். நேயர்கள் நியூஸ்மேக்ஸ் என்ற போட்டி வலதுசாரிச் சேனல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள், விளம்பரதாரர்கள் பார்க்கும் வயதுப் பிரிவில், ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நியூஸ்மேக்ஸ் ஃபாக்ஸையே முந்தியது. ஜனவரியில் டெசிஷன் டெஸ்கில் இருந்த அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டைர்வால்ட்டை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அந்தக் குவியலில் என்னை மிகவும் உலுக்கியது கார்ல்சனின் இன்னொரு செய்திதான். டிரம்ப் தரப்பு வழக்கறிஞர் சிட்னி பவல் ஓட்டுத் திருட்டு பற்றிப் பொய் சொல்கிறார் என்று கார்ல்சனுக்கு நன்றாகத் தெரியும். சக தொகுப்பாளர் லாரா இங்ரமுக்கு அப்படியே எழுதுகிறார். கூடவே இதையும் எழுதுகிறார்: "நம் நேயர்கள் நல்லவர்கள், அவர்கள் இதை நம்புகிறார்கள்."

நல்லவர்கள்தான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த நேயர்களில் ஒருவர். விமானப் பராமரிப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டு, வாசலில் வரும் பார்சலை எடுத்து வைப்பவர். 2020-இல் அவர் நேரில் போய் ஓட்டுப் போட்டார். வாக்குச் சாவடியில் ஷார்பி மார்க்கர் கொடுத்தார்கள், மை மறுபக்கம் ஊறியது, அதனால் தன் ஓட்டு செல்லாமல் போய்விட்டது என்று முழுதாக நம்பினார். மை சீக்கிரம் காய வேண்டும் என்பதால்தான் அந்த மார்க்கர். இரண்டு பக்கத்து வட்டங்களும் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்று வராதபடி அச்சிட்டிருப்பதால் ஊறினாலும் ஒன்றும் ஆகாது. கவுண்டி இதைப் பலமுறை விளக்கியது. அப்போது கவுண்டி மேற்பார்வைக் குழுவில் 5 பேரில் 4 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். அதுவும் அவரிடம் எடுபடவில்லை. ஃபாக்ஸ் பற்றிக் கேட்டேன். "அவங்களும் விலைபோயிட்டாங்க, நான் இப்ப அதைப் பார்க்கிறதே இல்லை" என்றார். அவர் கோபப்பட்டுப் பேசவில்லை. நெடுநாள் நண்பன் கைவிட்டதைப் போல வருத்தமாகத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் மாநில செனட்டின் குடியரசுக் கட்சித் தலைமை சைபர் நிஞ்சாஸ் என்ற ஃபுளோரிடா நிறுவனத்தைக் கொண்டுவந்தது. பழைய கொலிசியம் அரங்கத்தில் எங்கள் கவுண்டியின் 21 லட்சம் வாக்குச்சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். ஆசியாவிலிருந்து கள்ள ஓட்டு வந்திருக்கும் என்று காகிதத்தில் மூங்கில் நார் இருக்கிறதா என்றுகூடத் தேடினார்கள். 2021 செப்டம்பரில் முடிவு வந்தது. பைடனுக்கு 99 ஓட்டு கூடுதல், டிரம்புக்கு 261 குறைவு. பெரியவரிடம் அந்த எண்ணைச் சொன்னபோது, எண்ணினவர்களையும் உள்ளே வளைத்துப் போட்டிருப்பார்கள் என்றார்.

இதைக் குடியரசுக் கட்சிக்காரர்களின் தனிக் குணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பக்கத்து ஊரான டெம்பியில் இருக்கும் என் நண்பர் தீவிர ஜனநாயகக் கட்சி ஆதரவாளர். 2024 ஜூன் ஆரம்பத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், மூடிய அறைக் கூட்டங்களில் பைடனின் தளர்ச்சி தெரிகிறது என்று விரிவாக எழுதியது. "அண்ணே, முர்டாக் பேப்பர் வேற எப்படி எழுதும்?" என்று கேட்டார். அந்தப் பத்திரிகையும் ஃபாக்ஸும் முர்டாக் குடும்பத்தின் கையில் இருப்பது உண்மைதான். ஆனால் பைடன் வயதைப் பற்றி எழுதிய நியூயார்க் டைம்ஸையும் அவர் சும்மா விடவில்லை. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்போடு நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை 5 கோடிக்கு மேல் ஆட்கள் பார்த்தார்கள். ஜூலை 21-இல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். இப்போது அதே நண்பர், ஊடகம் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்கிறார். சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்னபோது அவர்களுக்குக் கிடைத்தது திட்டுதான்.

இரண்டும் சம எடை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்த தேர்தலையே திருட்டு என்று சொல்லி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகும்வரை கொண்டுபோனது ஒன்று, தங்கள் தலைவரின் முதுமையைப் பார்க்க மறுத்தது இன்னொன்று. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் செய்தி கொண்டுவருகிறவனை நேயர் தண்டிக்கிற விதம் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பத்திரிகை அரிசோனா ரிபப்ளிக் இதை 2016-லேயே பட்டுப் பார்த்தது. 1890-இல் 'அரிசோனா ரிபப்ளிகன்' என்று கட்சிப் பெயரோடு தொடங்கிய பத்திரிகை அது. 126 வருட வரலாற்றில் முதல்முறையாக ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரை, ஹிலாரி கிளின்டனை, ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. சந்தாக்கள் ரத்தாயின, கொலை மிரட்டல்கள் வந்தன. ஒருவர் தொலைபேசியில் டான் போல்ஸ் பெயரைச் சொல்லி மிரட்டினார். போல்ஸ் அந்தப் பத்திரிகையின் நிருபர், 1976-இல் காரில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டவர். அந்த அழைப்பை எடுத்தது ஒரு இளம்பெண். ஃபீனிக்ஸ் காவல் துறையினர் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, கேட்டதை நிதானமாகச் சொன்னாள், அழைப்புக்குப் பிறகு சர்ச்சுக்கு நடந்துபோய் மிரட்டியவருக்காகப் பிரார்த்தனை செய்ததையும் சொன்னாள் என்று பதிப்பாளர் மி-ஐ பாரிஷ் எழுதினார். பத்திரிகைச் சுதந்திரம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் போனை எடுக்கிற இப்படி ஒருத்தியின் தலையில்தான் போய் இறங்குகிறது.

கட்சிப் பத்திரிகை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1800-இல் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் மோதியபோதே ஆளுக்கொரு பத்திரிகைக் கூட்டம் இருந்தது. நடுவில், வானொலியும் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களும் ஆண்ட காலத்தில், சர்ச்சையான விஷயத்தில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1949 முதல் ஒரு விதி இருந்தது. 1987-இல் அதை நீக்கினார்கள். அடுத்த வருடமே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்போ நாடு முழுக்க ஒலித்தார். அந்த விதி கேபிள் சேனல்களைக் கட்டுப்படுத்தியிருக்காது, ஆகவே அது இருந்திருந்தால் ஃபாக்ஸே வந்திருக்காது என்ற பிரபலமான வாதத்தை நான் ஏற்கவில்லை.

மனது மாறவே மாறாதா என்றால், மாறும். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 2020 செப்டம்பரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். தவறாமல் ஃபாக்ஸ் பார்க்கும் ஆட்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்து, மணிக்கு 15 டாலர் கொடுத்து ஒரு மாதம் சிஎன்என் பார்க்க வைத்தார்கள். அந்த ஆட்களின் தகவல்கள் மாறின, சில கருத்துகளும் மாறின. ஃபாக்ஸ் சில விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறது என்ற எண்ணமும் வந்தது. பணம் நின்றது. பழைய சேனலுக்கே திரும்பினார்கள். வந்த மாற்றமும் பெரும்பாலும் கரைந்துபோனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் நடந்தது. எங்களிடமிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சுமார் நாலு மணி நேரம். அங்கே டெசர்ட் சன் என்ற பத்திரிகை, 2019 ஜூலை மாதம் முழுவதும் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியலே வராது என்று முடிவு செய்தது. டிரம்பைத் திட்டியோ பாராட்டியோ ஒரு கடிதம்கூட இல்லை. அந்த இடத்தை ஊர் விஷயம் நிரப்பியது: போக்குவரத்து, நகர மையத்தில் வரவிருந்த கட்டடங்கள், பழைய வீடுகளைப் பாதுகாப்பது, சுற்றுச்சூழல். ஜாஷுவா டார், மேத்யூ ஹிட், ஜோஹன்னா டனவே என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் மக்களிடம் கேட்டு, வெஞ்சுரா என்ற இன்னொரு ஊரோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஊரிலும் எதிர்க் கட்சிக்காரர் மீதான வெறுப்பு கூடியது, ஆனால் பாம் ஸ்பிரிங்ஸில் குறைந்த வேகத்தில் கூடியது. பத்திரிகையை நன்றாக வாசிப்பவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதிசயம் எதுவும் நிகழவில்லை. ஆனால் யாரையும் காசு கொடுத்து உட்கார வைக்காமல், யாருடைய கட்சியையும் மாற்றச் சொல்லாமல், ஒரு சின்ன பத்திரிகை ஒரே மாதத்தில் இதைச் செய்தது.

2024 தேர்தல் முடிந்ததும் பியூ என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்பில், தேர்தல் ஒழுங்காக நடந்தது என்று சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 93 சதவீதம். 2020-இல் அதே கேள்விக்கு 21 சதவீதம். என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் இந்தத் தடவை நன்றாக எண்ணினார்கள் என்றார். அதே கவுண்டி, அதே டொமினியன் இயந்திரம். டொமினியனுக்கு ஃபாக்ஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது என்று சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. வழக்கு சூடாக இருந்த நேரத்தில் ஃபாக்ஸ் தன் ஊடகச் செய்தியாளர் ஹோவர்ட் கர்ட்ஸையே அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. கர்ட்ஸே அதை நேயர்களிடம் திரையில் சொன்னார்.

பாம் ஸ்பிரிங்ஸ்காரர்கள் செய்ததை அடுத்த அதிபர் தேர்தலின் அக்டோபரில் இங்கேயும் ஒரு மாதம் செய்து பார்க்கலாமே என்று உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன். தேசிய அரசியலை முழுதாக நிறுத்த வேண்டாம், கருத்துப் பக்கத்தை மட்டும் ஊருக்குக் கொடுங்கள் என்று. வாக்குகளைக் கையாளும் கவுண்டி ரெக்கார்டர், பள்ளி வாரியம், கொலராடோ ஆற்றுத் தண்ணீரை எங்களுக்குக் கொண்டுவரும் கால்வாயை நிர்வகிக்கும் வாரியம் எல்லாமே இங்கே தேர்தலில் நிரப்பும் பதவிகள். ஆற்றில் தண்ணீர் குறைந்து அரிசோனாவின் பங்கை வெட்டத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. கால்வாய் வாரியத்துக்கு நிற்பவர்களின் பெயரை நான் பார்ப்பது வாக்குச்சீட்டில்தான். பெரியவருக்கும் அவர்களைத் தெரியாது, டெம்பி நண்பருக்கும் தெரியாது.